அவனில் சுட்ட தீபாவளிச் சோமாசி

சோமாசியை அவனில் சுடலாமா என்று கேட்டால், தாராளமாகச் சுடலாம். ஆனால் பொரிப்பதற்குப் பிசைந்த மாவை எடுத்து அவனில் வைக்கக் கூடாது. அப்படி வைத்துப் பார்த்தவர்கள்தான் "கட்டை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுவருஷம் எண்ணெய்ச் சட்டிக்கே திரும்பிவிடுகிறார்கள். பொரியும்போது சோமாசியின் தோல் சட்டியிலிருக்கும் எண்ணெயைக் குடித்து மொறுமொறுப்பாகிறது. அவனில் வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கொழுப்பும் அதற்குக் கிடைக்காது. வேண்டிய நெய் முழுவதும் மாவுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அதனால்தான் இங்கே நான் சொல்லும் நெய்யின் அளவு, உங்கள் அம்மா சொல்லிக்கொடுத்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருக்கும். பயப்படாமல் ஊற்றுங்கள். பொரித்த சோமாசி குடிக்கும் எண்ணெயையும் கூட்டிப் பார்த்தால் இது அதிகமில்லை.

மாவைவிடப் பெரிய விஷயம் பூரணம். அது உலர்ந்திருந்தால் சோமாசி தேறிவிடும். ஈரமாக இருந்தால் எந்த அவனும் காப்பாற்றாது. சூட்டில் ஈரம் ஆவியாகி வெளியே வரப் பார்க்கும், ஓரத்தைப் பிளக்கும், கரைந்த சர்க்கரை தட்டில் ஒழுகிக் கருகும், பக்கத்தில் இருக்கும் நல்ல சோமாசியின் அடியையும் கெடுக்கும். பிளக்காமல் தப்பினாலும் நான்காம் நாள் தோல் தொய்ந்துபோகும். இனி வரும் வேலைகளில் முக்கால்வாசி இந்த ஈரத்தை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான்.

மும்பையில் இந்தப் பலகாரத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பக்கத்து வீட்டு மராட்டியர் கொண்டுவந்து கொடுக்கும் பராள் தட்டில் சக்லி, சிவ்டா, சங்கர்பாளியோடு கரஞ்சி இருக்கும். கர்நாடகத்தில் கரஜிகாய், ஆந்திராவில் கஜ்ஜிகாய, வடக்கே ஹோலிக்குக் குஜியா, கோவாக் கிறிஸ்தவர்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு நெவ்ரி. எல்லாம் இதே அரை நிலாதான், உள்ளே இருப்பதுதான் மாறும். நம் வீடுகளில் பொட்டுக்கடலையும் தேங்காயும் சர்க்கரையும் பிரதானம், முந்திரி பேருக்கு நாலு. கரஞ்சியில் கொப்பரையும் கசகசாவும் தூக்கலாக இருக்கும். குஜியாவில் பால்கோவா. இந்த அத்தியாயத்தில் செய்யப்போவது முந்திரியும் பாதாமும் முன்னால் நிற்கும் சோமாசி. வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற பண்டத்தில் முந்திரியைத் தேடிக் கண்டுபிடிக்கும்படி இருக்கக் கூடாது என்பது என் கட்சி.

சுடுவது நம் வீடுகளுக்குப் புதிதே தவிர, இந்த வகைப் பண்டத்துக்குப் புதிதில்லை. லெபனான், சிரியா பக்கம் ஈஸ்டருக்கும் ரம்ஜான் பெருநாளுக்கும் 'மாமூல்' என்று ஒன்று செய்கிறார்கள். ரவை மாவுக்குள் பொடித்த வால்நட்டோ பிஸ்தாவோ சர்க்கரையோடு வைத்து மூடி, அச்சில் அழுத்திச் சுடுவார்கள். கொழுப்பு நிறைந்த மாவு, உலர்ந்த பருப்புப் பூரணம் என்ற அந்தச் சேர்க்கை நமக்கு அப்படியே பொருந்துகிறது. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் நன்றி நவிலல் விருந்துக்குச் சுடும் பீகன் பை வேறு ஜாதி. அதன் பூரணம் சர்க்கரைப் பாகும் முட்டையும் வெண்ணெயும் கலந்த திரவம். சூட்டில் முட்டை இறுகுவதால்தான் அது துண்டு போட வருகிறது. அந்தப் பூரணத்தைச் சோமாசிக்குள் ஊற்றிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். திறந்த தட்டில் சுடுவதற்காகவே உண்டானது அது.

கடையில் கேட்க வேண்டியவை

மாட்டுங்கா மார்க்கெட்டிலும் தாராவி 90 அடி சாலையிலும் தமிழிலேயே கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். செம்பூரில் பாதிக் கடைகளில் அது நடக்கும். நிறையச் செய்கிறவர்கள் மஸ்ஜித் பந்தர் மொத்தக் கடைகளுக்குப் போவார்கள். அங்கே முந்திரித் துண்டுக்குக் காஜு துக்டா, கொப்பரைக்குச் சுகா கோப்ரா, பொடித்த சர்க்கரைக்குப் பிட்டி சாகர், சாரைப்பருப்புக்குச் சாரோளி. பொட்டுக்கடலையை 'டாளே' என்று கேளுங்கள். 'டாலியா' என்று கேட்டால் சில கடைக்காரர்கள் உடைத்த கோதுமையை அளந்துவிடுவார்கள். இரண்டும் பொட்டலத்துக்குள் போன பிறகு வீட்டில்தான் தெரியும்.

முந்திரியில் காசை வீணாக்க வேண்டாம். கண்ணாடி ஜாடியில் வைத்திருக்கும் டபிள்யூ 180, 240, 320 என்ற ரகங்கள் முழுப் பருப்பின் அளவைச் சொல்கின்றன. ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, சுமார் எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் அதிகம். பொடிக்கப்போகிறவருக்கு அது எதற்கு? பாதியாக உடைந்ததோ சிறு துண்டோ வாங்குங்கள். ருசி அதேதான். தோலோடு வறுத்த கொங்கண் முந்திரி தின்பதற்கு அருமையானது, ஆனால் பூரணத்துக்கு அந்தத் தோல் துவர்க்கும். உரித்ததே வேண்டும்.

விலையைவிடப் புதுமையைப் பாருங்கள். ரத்னகிரி, சிந்துதுர்க் மாவட்டங்களில் முந்திரி அறுவடை பிப்ரவரியில் தொடங்கி மே வரை நடக்கிறது. தீபாவளிக்கு நம் கைக்கு வரும்போது அந்தப் பருப்புக்கு அரை வயது ஆகியிருக்கும், நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதையும் தாண்டியிருக்கும். திறந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கொடுத்தால் ஒன்றை இரண்டாக உடைத்துப் பாருங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும். வளைந்து நைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. மூக்கருகே வைத்தால் பழைய எண்ணெய் வாடை அடிக்கிறதா? அது சிக்கு வாடை. வறுத்தாலும் ஏலக்காய் போட்டாலும் போகாது, சூட்டில் இன்னும் கிளம்பும். வாங்கியதை ஃபிரிட்ஜில் மூடி வையுங்கள்.

பூரணம்

25 சோமாசிக்கான அளவு இது. முந்திரித் துண்டு 120 கிராம், பாதாம் 40 கிராம், துருவிய கொப்பரை 60 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், கசகசா 10 கிராம், சாரைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, ஏலக்காய் ஆறு, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு அதைவிடக் குறைவாக. பச்சைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். எவ்வளவு வறுத்தாலும் அதில் ஈரம் மிஞ்சும். வெல்லமும் அப்படித்தான், சூட்டில் இளகி வழியும். கிஸ்மிஸ் போட்டே ஆக வேண்டும் என்பவர்கள் சோமாசிக்கு இரண்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சின்னத் தீயில், நெய் விடாமல் வறுக்க வேண்டும். முந்திரி மஞ்சளாகத் திரும்பியதும் எடுத்துவிடலாம், அது அவனுக்குள் இன்னொரு தடவை வேகப்போகிறது. பாதாம் கூடுதல் நேரம் கேட்கும். ஒன்றை உடைத்தால் நடுப்பகுதி லேசாகப் பழுத்திருக்க வேண்டும். கொப்பரை இரண்டு மூன்று நிமிஷத்தில் காய்ந்துவிடும், நிறம் மாறக் கூடாது. கசகசா வெடிக்கத் தொடங்கியதும் இறக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறும்வரை தொடாதீர்கள். அவசரப்படுகிறவர்களுக்குக் காரியம் கெடுவது இந்த இடத்தில்தான்.

சூடான முந்திரியை மிக்ஸியில் போட்டால் என்ன ஆகிறது என்று ஒரு தரம் கூர்ந்து பாருங்கள். முதல் சுற்றில் பொடி பறக்கும். இரண்டாம் சுற்றில் ஜாடியின் ஓரத்தில் பழுப்பாக ஒரு வளையம் ஒட்டும். மூன்றாவதில் பிளேடுக்கு அடியில் சேறு போலக் கெட்டிப்படும். முந்திரியின் எண்ணெய் வெளியே வந்துவிட்டது, இனி அது பொடியாகாது. ஆறிய பருப்பிலும் இது நடக்கும், கொஞ்சம் தாமதமாக. அதற்கு வழி: முந்திரியையும் பாதாமையும் தனியாக அரைக்காமல், பொட்டுக்கடலையும் ஒரு கைப்பிடி சர்க்கரைப் பொடியும் சேர்த்துப் போடுங்கள். கசியும் எண்ணெயை அவை இழுத்துக்கொள்ளும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடாமல், ஒரு நொடி ஓட்டி, நிறுத்தி, ஜாடியைத் தட்டி, மறுபடி ஒரு நொடி. பெரிய ரவை அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். மாவாகிவிட்டால் கடிக்கும்போது முந்திரி தெரியாது.

மீதியெல்லாம் சேர்த்துக் கலந்த பிறகு ஒரு சோதனை. பூரணத்தை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து விரலைத் திறங்கள். பிடித்த வடிவம் ஒரு கணம் நின்று, தொட்டதும் உதிர வேண்டும். கொழுக்கட்டை போல அப்படியே நின்றால் எண்ணெய் அதிகம், இன்னொரு கரண்டிப் பொட்டுக்கடலை மாவு போடுங்கள். விரலைத் திறப்பதற்குள் பொலபொலவென்று கொட்டினால் அரை தேக்கரண்டி நெய்யைத் தெளித்துப் பிசறுங்கள். இந்தப் பூரணத்தைத் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே செய்து, இறுக மூடி ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் அரை மணி வெளியே வைத்துவிட்டுத் திறந்தால் உள்ளே வேர்க்காது.

மாவு

மைதா 250 கிராம், சன்ன ரவை 50 கிராம், நெய் 75 கிராம், பொடித்த சர்க்கரை ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டிக்குக் கீழே, குளிர்ந்த பால் 90 மி.லி. முதல் 100 மி.லி. வரை. பொரிப்பதற்கு என்றால் இதே மாவுக்கு 35, 40 கிராம் நெய் போதும்.

நெய்யை உருக்கி ஊற்ற வேண்டாம். உறைந்தும் உறையாமலும் இருக்கும் பதத்தில் மாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்துப் பிசற வேண்டும். மும்பையின் அக்டோபர்ப் புழுக்கத்தில் நெய் அலமாரியிலேயே இளகிக் கிடக்கும். கால் மணி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியான பதத்துக்கு வரும். மைதா முழுவதும் நெய் பட்டு ஈரமணல் போல ஆன பிறகே பால். மைதாத் துகள்களை நெய் சுற்றிக்கொண்டால் பால் அவற்றை எளிதில் பிணைக்க முடியாது, மாவு ஜவ்வு மாதிரி இழுக்காது, சுட்டதும் நொறுங்கும். பால் தண்ணீரைவிட நல்ல நிறமும் தரும். பாலைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு மாவு ஒன்றுசேர்ந்ததும் நிறுத்துங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைய வேண்டாம். மூடி, அரை மணி ஊறட்டும். அதற்குள் ரவை ஈரத்தை இழுத்து மாவு சற்றுக் கெட்டிப்படும்.

கோதுமை மாவில் செய்கிறவர்கள் பாதி மைதா, பாதி கோதுமை என்று வைத்துக்கொண்டு இன்னும் ஒரு மேசைக்கரண்டிப் பால் சேர்க்கலாம். முழுக்கக் கோதுமையில் செய்தால் தோல் வறண்டுபோகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

மடிப்பது

மாவை நான்காகப் பிரித்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து மற்றவற்றை ஈரத்துணியால் மூடுங்கள். 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 10 சென்டிமீட்டர் அகல மூடியால் வட்டம் போடுங்கள். பாதி வட்டத்தில் ஒரு மேசைக்கரண்டிப் பூரணம், சற்றுக் குவித்து. ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பூரணத்தின் ஒரு துகள் ஓரத்தில் ஒட்டியிருந்தாலும் அந்த இடம் அவனில் வாயைத் திறக்கும். ஓரம் முழுக்கப் பாலைத் தொட்டுத் தடவி, மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஓரத்தை நோக்கிக் காற்றை விரலால் தள்ளிவிட்டு அழுத்துங்கள்.

சோமாசி அச்சு இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அச்சின் அழுத்தம் எண்ணெய்க்குப் போதுமே தவிர அவனுக்குப் போதாது. அச்சிலிருந்து எடுத்ததும் முள்கரண்டியால் ஓரத்தை இன்னொரு தடவை அழுத்த வேண்டும். கையால் பின்னத் தெரிந்தவர்கள் பின்னலே போடுங்கள். ஒரு முனையில் தொடங்கி, ஓரத்தைக் கட்டைவிரலால் சிறிது உள்ளே மடித்து அழுத்தி, அந்த மடிப்பின் பாதியின் மேல் அடுத்த மடிப்பு ஏறும்படி நகர்ந்துகொண்டே போக வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் முந்தையதைப் பூட்டிவிடுவதால் இது பிரியாது. பல் சக்கரம் வைத்த சோமாசிக் கரண்டியால் வெட்டினால் பார்க்க அழகு, பூட்டு கொஞ்சம் பலவீனம்.

பொரிக்கும் சோமாசியில் ஊசி முனை ஓட்டை இருந்தாலும் எண்ணெய் முழுக்கப் பூரணமாகிவிடும் என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். சுடும்போது நேர்மாறு. முள்கரண்டியால் வயிற்றில் ஒரு தடவை குத்துங்கள். மிச்சமிருக்கும் ஆவி அந்த வழியாகப் போய்விடும், ஓரத்தைத் தேடாது. எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக் கால் மணி ஃபிரிட்ஜில் வைத்தால் நெய் இறுகி, அவனில் வடிவம் கலையாது.

சுடுவது

அவனும் டோஸ்டரும் கிரில்லும் சேர்ந்த ஓ.டி.ஜி.யின் இரண்டு கம்பிகளையும் போட்டு, 180 டிகிரி செல்சியஸில் கால் மணி காயவிடுங்கள். நடுத்தட்டில் வைத்து 170 டிகிரிக்குக் குறைத்து 22 முதல் 25 நிமிஷம். கால் மணி ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், எல்லா அவனிலும் ஒரு மூலை அதிகமாகச் சுடும். மேல்நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். அடி பிஸ்கட் நிறத்துக்கு வந்திருந்தால் வெந்துவிட்டது. வெளுத்திருந்தால் இன்னும் மூன்று நிமிஷம். எடுத்தவுடன் மேலே நெய் தடவுங்கள், சூட்டில் உடனே இழுத்துக்கொள்ளும்.

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவிலும் வரும், 10 டிகிரி குறைத்து வையுங்கள். வெறும் மைக்ரோவேவ் முறை இதற்கு உதவாது. ஓ.டி.ஜி.க்குப் பெரிய பிளக் பாயிண்ட் வேண்டும். பழைய கட்டடமானால் கீசரும் அவனும் ஒரே நேரத்தில் ஓட வேண்டாம். ஒன்றுமே இல்லாத வீட்டில் அடிகனமான வாணலியில் இரண்டு விரல்கடை உப்பைக் கொட்டி, மேலே வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டோடு உள்ளே இறக்கி அரை மணிக்கு மேல் சுடலாம். அடி நன்றாகச் சிவக்கும், மேல் வெளுப்பாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி பேக்கரி. 1896இல் பிளேக் வந்து, 1898இல் நகரச் சீரமைப்பு டிரஸ்ட் உண்டாகி, பிறகு தாதர் மாட்டுங்காப் பக்கம் புதுக் குடியிருப்புகள் எழுந்த காலத்திலும் சரி, அதற்கு வெகுகாலம் பின்னும் சரி, வீட்டுச் சமையலறைகளில் அவன் கிடையாது. அவன் என்றால் பேக்கரிதான். தீபாவளி சமயத்தில் வீட்டில் பிசைந்த நான்கட்டாய் மாவைத் தட்டோடு எடுத்துப்போய்ப் பேட்டைப் பேக்கரியில் சுட்டு வாங்கிவருவது இந்த ஊர் வழக்கம். தாராவியிலும் காரியும் டோஸ்டும் சுடும் சிறு பேக்கரிகள் இருக்கின்றன. தெரிந்த கடையில், கூட்டம் இல்லாத பிற்பகலில், "பாய், ரெண்டு தட்டுதான், சுட்டுத் தருவீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நிறையச் செய்கிறவர்களுக்கு, முக்கியமாகப் பத்துக்குப் பத்து அறையில் அவன் வைக்க இடமில்லாதவர்களுக்கு, இதுவே நல்ல வழி. ரொட்டி வெந்து முடிந்து சூடு தணிந்த அவனைக் கேளுங்கள். ரொட்டிச் சூட்டில் சோமாசி மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் விறகு, கரி அடுப்புப் பேக்கரிகளை ஆறு மாதத்துக்குள் வேறு எரிபொருளுக்கு மாறச் சொன்னது. எரிவாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறிய கடையில் நேரம் வேறாகும். முதல் தட்டை ஆறேழு சோமாசியோடு வைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.

வைப்பதும் கொடுப்பதும்

கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம் ஆறட்டும். கை பொறுக்கும் சூட்டில் டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும், இத்தனை நேரம் வெளியே நிறுத்திய ஈரத்தை நாமே உள்ளே விட்டதாகும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். சுட்ட மறுநாள்தான் ருசி கூடும், ஏலக்காய் பூரணம் முழுக்கப் பரவியிருக்கும். அதனால் தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு சுடுவது சரியான கணக்கு. நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல் முடிந்து லேகியம் நாக்கில் வைத்ததும் தட்டு தயாராக இருக்கும். மராட்டியர் வீட்டிலும் அதே விடியலில்தான் அப்யங்கக் குளியலும் பராளும் என்பதால், தட்டு மாற்றிக்கொள்ளப் போகிறவர்கள் காலையிலேயே அடுக்கிக்கொள்ளுங்கள். முந்தைய இரவே திறந்த தட்டில் வைத்துவிட்டால் கடல் காற்றில் நமத்துவிடும். நமத்ததை 150 டிகிரியில் ஐந்து நிமிஷம் வைத்தால் மீளும். தாராவியின் நெல்லைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதை டிசம்பரில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும், மாவு இன்னும் சொன்னபடி கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. துபாய், சவூதி, சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்பும் டப்பாவில் கசகசா போட்ட சோமாசி போகக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் மூன்றிலும் கசகசாவுக்குத் தடை இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தில் போய்ச் சிக்கும், சிறு அளவு என்று விடமாட்டார்கள். அந்தப் பூரணத்தைத் தனியாகவே பிசறுங்கள், கசகசாவுக்குப் பதில் வறுத்த வெள்ளை எள். இரண்டு டப்பாவும் கலந்துவிடாமல் மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

வட்டம் வெட்டியதுபோக மிஞ்சும் மாவை மறுபடி உருட்டித் தேய்த்தால் தோல் கெட்டியாகும். அதைச் சோமாசிக்கு எடுக்காமல், கொஞ்சம் சர்க்கரைப் பொடி தூவி, சங்கர்பாளி போல டைமண்ட் துண்டு போட்டு, கடைசித் தட்டோடு சேர்த்துச் சுட்டுவிடுங்கள். பூரணம் மிஞ்சினால் இரண்டு கரண்டி சூடான நெய் ஊற்றி உருண்டை பிடித்து வைக்கலாம்.